உதவி: தாத்தா காலத்து ஹைகோர்ட் தீர்ப்பு நெட்டில் கிடைக்கவில்லை (அவசரம்)

காவேரிப்பட்டணத்தான் – திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏரி வாய்க்கால் வழக்கில் ஹைகோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, தாத்தா காலத்தது. எவ்வளவு தேடியும் வரவில்லை. இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் போட்டுப் பார்த்தேன், கோர்ட்டுகளின் ஈகோர்ட்ஸ் தளத்திலும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை தாசில்தார் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்திருக்கிறார்கள், எதிர்த் தரப்பான மேலூர்க்காரர்கள் அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது என்கிறார்கள். பழைய தீர்ப்பு எல்லாம் எந்தத் தளத்தில் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்கொட்டை – திங்கள், இரவு 10:52

தம்பி, எந்த வருடம்? வாதி யார், பிரதிவாதி யார்? வழக்கு முதலில் எந்தக் கோர்ட்டில் போட்டது? கையில் ஏதாவது தாள் இருக்கிறதா? இது எதுவும் இல்லாமல் எந்தத் தளத்தைச் சொன்னாலும் பயன் இல்லை.

தென்பெண்ணை – திங்கள், இரவு 11:05

நேராக அபிலேக் படல் போங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம், பதிவு செய்தால் இலவசமாகவே நிறையப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் காலத்து ஃபைல் எதுவானாலும் அங்கேதான். எனக்குத் தேவையானது எல்லாம் அங்கேதான் கிடைத்தது.

சேலத்துப் பேரன் – திங்கள், இரவு 11:20

சுதந்திரத்துக்கு முன்னால் என்றால் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கும், அன்றைக்கு அதுதான் கடைசி அப்பீல் கோர்ட். 1949 வரை நம் அப்பீல் அங்கே போனது. பெய்லி என்ற தளத்தில் பிரிவி கவுன்சில் தீர்ப்புகள் இலவசமாக இருக்கின்றன, அங்கே ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

பழஞ்சுவடி – செவ்வாய், காலை 6:15

மாதம் ஒரு முறையாவது இதே கேள்வி இங்கே வருகிறது. முன்பு எழுதியதைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

அபிலேக் படலில் இருப்பவை பெரும்பாலும் மத்திய அரசின் துறை ஃபைல்கள். ஒரு ஊர் வாய்க்கால் சிவில் வழக்கின் கட்டு டெல்லிக்குப் போகவே போகாது. பிரிவி கவுன்சிலும் அப்படித்தான், 1908 சிவில் நடைமுறைச் சட்டப்படி சாதாரணமாக 10,000 ரூபாய்க்குக் குறையாத மதிப்பு இருந்தால்தான் அங்கே அப்பீல். அந்தக் காலத்துப் பத்தாயிரம். ஒரு மதகுத் தண்ணீருக்கு அவ்வளவு மதிப்புப் போட்டிருக்க மாட்டார்கள். ஈகோர்ட்ஸ் கம்ப்யூட்டர் வந்த பிறகு ஏற்றிய வழக்குகளுக்கானது, அதில் தாத்தாவைத் தேடுவது வீண்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹைகோர்ட் சொன்ன எல்லாத் தீர்ப்பும் அச்சில் வரவில்லை. சட்ட விஷயம் இருக்கிறது என்று தொகுப்பாளர்கள் நினைத்தது மட்டும்தான் வந்தது. 1876 முதல் ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) மெட்ராஸ் வரிசை, அதற்கு முன்னால் 1862 முதல் மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட்ஸ், 1891 முதல் மெட்ராஸ் லா ஜர்னல், 1914 முதல் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்). இந்தியன் கானூனில் இருக்கிற பழைய மெட்ராஸ் தீர்ப்பும் அநேகமாக இப்படி அச்சில் வந்ததுதான். அச்சில் வராதது எந்தத் தளத்திலும் இருக்காது, ஹைகோர்ட் ஆவண அறையில்தான் இருக்கும்.

வாதி பிரதிவாதி – செவ்வாய், காலை 8:30

தருமபுரியில் வக்கீலாக இருக்கிறேன். சார் சொன்னது சரி, ஆனால் தம்பி பதறிப் போய் இருக்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம். தம்பி, வீட்டில் பழைய டிகிரி (தீர்ப்பாணை) நகல், வக்கீல் கடிதம், கோர்ட் முத்திரை போட்ட தாள் எது இருந்தாலும் பாருங்கள். அதில் ஒரு நம்பர் இருக்கும். ஓ.எஸ். என்றால் முதல் வழக்கு, ஏ.எஸ். என்றால் முதல் அப்பீல், எஸ்.ஏ. என்றால் ஹைகோர்ட்டில் இரண்டாவது அப்பீல். அந்த நம்பர்தான் சாவி.

காவேரிப்பட்டணத்தான் – செவ்வாய், மதியம் 1:10

மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். தாள் ஒன்று இருக்கிறது, அதை வைத்துத்தான் தேடினேன், சொல்ல விட்டுப் போச்சு. தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருந்தது. மடித்த இடம் கிழிந்து, ஒரு ஓரம் கரையான் தின்றிருக்கிறது. மேலே கிருஷ்ணகிரி டிஸ்ட்ரிக்ட் முன்சீப் கோர்ட் என்று அச்சு. கீழே கையெழுத்தில் செகண்ட் அப்பீல் நம்பர் 6, அடுத்த எண் ஓட்டை, அப்புறம் 3, ஆஃப் 1926. தாத்தாவின் அப்பா பெயரும் இருக்கிறது, எதிராளி பெயர் பாதிதான்.

கானூனில் மெட்ராஸ் ஹைகோர்ட், 1926 என்று வைத்து, கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் கவுண்டர் என்று பெயரையும் போட்டேன். பூஜ்யம்.

மாங்கொட்டை – செவ்வாய், மதியம் 1:25

தம்பி, அந்தத் தாளைப் பற்றி நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே பாதி முடிந்திருக்கும். பாருங்கள், தேடின விதத்திலேயே மூன்று இடத்தில் தட்டுகிறது.

ஒன்று, வருடம். 1926 என்பது அப்பீல் பதிவான வருடம். தீர்ப்பு அதே வருடம் வந்திருக்காது. செகண்ட் அப்பீல் மூன்று நான்கு வருடம் கிடந்து வருவது அன்றைக்கும் சாதாரணம். கானூனில் தேதி என்பது தீர்ப்பு சொன்ன தேதி. 1926 முதல் 1932 வரை விரியுங்கள்.

இரண்டு, மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். தருமபுரி மாவட்டமே 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1930இல் எழுதிய தீர்ப்பில் உங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் இருக்கிறது. சேலம் என்று போடுங்கள்.

மூன்று, பெயர். அந்தக் காலத்து ரிப்போர்ட்டில் கவுண்டர் என்று மரியாதை விகுதி அநேகமாகப் போட மாட்டார்கள், கவுண்டன் என்று இருக்கும். செட்டியார் இல்லை, செட்டி. நாயக்கர் இல்லை, நாயக்கன். நான் என் பாட்டனாரின் பாகப்பிரிவினை வழக்கைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன், கடைசியில் அந்த ஒரு 'ன்'னில்தான் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவர் பேரை அச்சில் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

வாதி பிரதிவாதி – செவ்வாய், மதியம் 1:50

அக்கா சொன்னதோடு இதையும் சேருங்கள். கானூனில் இரண்டு சொல்லும் கட்டாயம் வர வேண்டும் என்றால் நடுவில் ஆண்ட் என்பதைக் கடைசியில் ஒரு டி கூடுதலாகப் போட்டு, இரண்டு டியோடு எழுத வேண்டும். சாதாரண ஆண்ட் போட்டால் அதையும் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், காவேரிப்பட்டணத்தைப் பழைய ஆங்கிலத்தில் சி எழுத்தில் தொடங்கி, கடைசியில் 'பட்டம்' என்று ஒலிக்கிற மாதிரி எழுதிய நூல்கள் உண்டு. ஊருக்குப் பதிலாக டாங்க், சானல், ஸ்லூயிஸ் மாதிரி பொருளைக் குறிக்கும் சொல்லைப் போடுங்கள்.

தென்பெண்ணை – செவ்வாய், மாலை 4:00

அபிலேக் படல் வேண்டாம் என்றால் போகட்டும். ஆனால் நம் பகுதி நீர்ப் பாத்தியத்துக்கு பாராமகால் (நம் பகுதியின் பழைய பெயர்) ரெக்கார்ட்ஸ் பார்க்காமல் விடக் கூடாது. 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி வாங்கிய உடனே கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் எழுதிய கடிதங்கள். பிறகு மெட்ராஸ் அரசாங்கமே அச்சிட்டது, இன்டர்நெட் ஆர்கைவில் ஸ்கேன் கிடைக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் எல்லாம் அதில் அடக்கம்.

ஓசூர்க்காரன் – செவ்வாய், மாலை 4:20

ஓசூரும் பாராமகாலா? அப்படியென்றால் எங்கள் ஊர் ஏரிக்கும் அதில் பார்க்கலாமா?

பழஞ்சுவடி – செவ்வாய், மாலை 4:45

ஓசூர் பாராமகால் கிடையாது. அது மலைக்கு மேலே, பாலாகாட். 1792 உடன்படிக்கையில் வந்தது பாராமகாலும் சேலம் பக்கமும். ஓசூர்ப் பக்கம் 1799இல் திப்பு விழுந்த பிறகுதான் கம்பெனிக்கு வந்தது. இந்த அடிப்படை தெரியாமல் ஆவணம் தேடக் கிளம்பினால் ஏழு வருடத்துக்கு இல்லாத காகிதத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தென்பெண்ணை – செவ்வாய், மாலை 5:10

நான் சொன்னது இன்றைய பேச்சு வழக்கில். இங்கே யாரைக் கேட்டாலும் ஓசூரையும் சேர்த்துத்தான் பாராமகால் என்பார்கள். மக்கள் நினைவுக்கும் ஒரு மதிப்பு உண்டு சார்.

பழஞ்சுவடி – செவ்வாய், மாலை 5:25

மக்கள் நினைவை நான் மதிக்கிறேன். ஆனால் ஆவணக் காப்பகத்தில் கட்டு அடுக்கியிருப்பது அன்றைய நிர்வாகப் பிரிவுப்படி. தவறான பெயரில் விண்ணப்பம் கொடுத்து எழும்பூருக்கும் ஊருக்கும் நான்கு தடவை நடந்த மாணவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் கறாராகச் சொல்கிறேன்.

சேலத்துப் பேரன் – செவ்வாய், மாலை 6:00

கேள்வி கேட்டவர் 1926க்கு நிற்கிறார், நீங்கள் இரண்டு பேரும் 1792இல் நிற்கிறீர்கள். அவருக்கு உதவுகிற மாதிரி ஒன்று: ஏரி என்றால் ஏரி மெமாயர் கேளுங்கள். 1883இல் தொடங்கிய ஏரிகள் சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு ஏரியையும் அளந்து, மதகு எத்தனை, கலிங்கு எத்தனை அடி, ஆயக்கட்டு எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். இப்போது நீர்வளத் துறை அலுவலகத்தில் இருக்க வேண்டும். தீர்ப்பு கிடைக்காவிட்டாலும் அதைத் தாசில்தார் ஒதுக்க முடியாது.

வாதி பிரதிவாதி – செவ்வாய், மாலை 6:20

அருமையான யோசனை. நானும் இரண்டு வழக்கில் மெமாயர் நகல் போட்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான் – செவ்வாய், இரவு 11:35

கிடைத்துவிட்டது! சேலம், கவுண்டன், சானல், 1926 முதல் 1932. நாற்பது சொச்சம் வந்தது, ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்தேழாவது. நம்பர் 673. தாத்தாவின் அப்பா பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. 1930 தீர்ப்பு. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

ஆனால் ஒன்றரைப் பக்கம்தான். கடைசியில் என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. மேல் வாய்க்கால்காரர்கள் மாமூலாக எத்தனை நாள் தண்ணீர் எடுத்தார்கள் என்று சேலம் ஜில்லா கோர்ட் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படியென்றால் ஜெயித்தோமா தோற்றோமா?

வாதி பிரதிவாதி – புதன், காலை 6:50

வாழ்த்துகள் தம்பி. இரண்டும் இல்லை. கடைசிப் பத்தியில் ரிமாண்ட் என்று இருக்கிறதா, ஃபைண்டிங் அனுப்பு என்று இருக்கிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வழக்கையே திருப்பி அனுப்பினால் வேறு, ஒரு விஷயத்தில் மட்டும் கண்டறிந்து எழுதி அனுப்பச் சொன்னால் வேறு.

காவேரிப்பட்டணத்தான் – புதன், காலை 7:05

ஃபைண்டிங். ஆறு வாரத்தில் அனுப்ப வேண்டும் என்றும் இருக்கிறது.

பழஞ்சுவடி – புதன், காலை 7:30

அப்படியென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 41, விதி 25. அப்பீல் ஹைகோர்ட்டிலேயே உயிரோடு இருந்திருக்கிறது. சேலத்திலிருந்து ஃபைண்டிங் வந்த பிறகு அதே 673ஆம் நம்பரில் இறுதித் தீர்ப்பு ஒன்று சொல்லியிருப்பார்கள். பல சமயம் அச்சில் முதல் தீர்ப்புக்குக் கீழேயே சின்ன எழுத்தில் நான்கு வரி இருக்கும், தளத்தில் ஏற்றும்போது அது விட்டுப் போவது உண்டு. அந்தப் பக்கத்தின் தலைப்பில் ஏதாவது மேற்கோள் எண் இருக்கிறதா? ஐ.எல்.ஆர். மெட்ராஸ் என்றால் வால்யூம் எண்ணோடு 1877ஐக் கூட்டினால் வருடம் வரும், உதாரணத்துக்கு, உர்லாம் என்ற பழைய தண்ணீர் வழக்கு 40 மெட்ராஸ் 886 (வால்யூம் 40, பக்கம் 886), அது 1917. உங்களுடையது 53 ஆக இருந்தால் பொருந்தும். மெட்ராஸ் லா ஜர்னல் என்றால் 1930க்கு 58, 59. ஸ்கேன் கிடைத்தால் அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் கண்ணால் பாருங்கள், தேடல் பெட்டியை நம்ப வேண்டாம். பழைய அச்சில் மை பரவின எழுத்தைக் கம்ப்யூட்டர் தப்பாகத்தான் படிக்கும்.

நன்றாகத் தேடியிருக்கிறீர்கள். நாற்பதையும் திறந்து பார்க்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது.

தென்பெண்ணை – புதன், காலை 8:10

வியாழக்கிழமைக்கு அந்த பிரிண்ட் அவுட் போதுமே? எதற்கு இன்னும் இழுக்க வேண்டும்?

வாதி பிரதிவாதி – புதன், காலை 8:40

போதாது. தாசில்தார் மேஜையில் வைத்து, இப்படி ஒரு வழக்கு நடந்தது என்று காட்ட பிரிண்ட் அவுட் போதும். அதுவே பெரிய விஷயம், எதிர்த் தரப்பு வழக்கே இல்லை என்றுதானே சொல்கிறது. ஆனால் அரைத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஜெயித்தோம் என்று பேசினால், அவர்கள் இறுதித் தீர்ப்பைக் கொண்டு வந்தால் முகத்தில் கரி. நாளை சிவில் கோர்ட்டுக்குப் போனால் சான்றிட்ட நகல் வேண்டும். பொதுத் தன்மையுள்ள உரிமையில் பழைய தீர்ப்பைச் சான்றாகக் காட்டப் பழைய சாட்சியச் சட்டம் 42ஆம் பிரிவே இடம் கொடுத்தது, ஊர் வாய்க்காலுக்கு அப்படி வாதாடலாம்.

தம்பி, ஹைகோர்ட்டில் நகல் மனு போடுங்கள். எஸ்.ஏ. 673 ஆஃப் 1926, இறுதித் தீர்ப்பும் டிகிரியும் என்று தெளிவாக எழுதுங்கள். கீழ்க்கோர்ட் கட்டை மட்டும் நம்பாதீர்கள், பழைய கட்டுகளை அழிப்பதற்கென்றே 1917இல் சட்டம் உண்டு. அந்தக் கரையான் தின்ற தாளை லேமினேட் செய்யாதீர்கள், ஒரு கண்ணாடித் தாள் உறையில் வைத்து அப்படியே கொண்டு போங்கள்.

காவேரிப்பட்டணத்தான் – புதன், காலை 9:15

தலைப்பில் 58 லா ஜர்னல் என்றுதான் இருக்கிறது. ஸ்கேன் இன்னும் கிடைக்கவில்லை. மெமாயருக்கு என் தம்பி போயிருக்கிறான், நான் நாளை பேச்சுவார்த்தை முடிந்ததும் ராத்திரி சென்னை பஸ். எல்லாருக்கும் நன்றி.

மாங்கொட்டை – இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு

தம்பி, வியாழன் என்ன ஆச்சு? நான்கு வரி கிடைத்ததா?

ஓசூர்க்காரன் – ஞாயிறு, இரவு 9:00

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடையில் சேலம் என்று போட்டு எங்கள் ஏரியையும் தேடினேன், 1911இல் ஒன்று வந்திருக்கிறது. தனி இழை போடுகிறேன், இந்த முறை கையில் இருக்கிற தாளின் படத்தோடு.