முதல் மாடியில் நாலு காலேஜ் பசங்க: கீழ்வீட்டோட சண்டை வராம இருக்க என்னென்ன பார்க்கணும்?

மாடிப்போர்ஷன்:
சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில முதல் மாடி போர்ஷன், நாலு பேர் புதுசா குடி வந்திருக்கோம். கீழே ரெண்டு குடும்பம். மூணு வீட்டுக்கும் ஒரே சம்ப் (தரைக்கடியில இருக்கிற தொட்டி), ஒரே மோட்டார், மொட்டை மாடியில 1000 லிட்டர் டேங்க். ஓனர் வேற ஏரியா. பேச்சுலர் பசங்கன்னு இப்பவே முறைக்கிறாங்க. தண்ணி, சத்தம், குப்பை மூணுலயும் என்ன செய்யணும்? "அட்ஜஸ்ட் பண்ணிப் போங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, விவரமா வேணும்.

ராயபுரம்காரி:
தம்பி, தண்ணியில இருந்து ஆரம்பிங்க. நம்ம பக்கம் பாதி சண்டை அங்கதான்.

முதல்ல கணக்கு. 20 லிட்டர் பக்கெட்ல ஆளுக்கு ரெண்டு பக்கெட் குளிச்சா 160 லிட்டர். ஃப்ளஷ் ஒரு தடவைக்கு 10 லிட்டர், ஆளுக்கு அஞ்சு தடவைன்னா 200. பாத்திரம், துணி சேர்ந்தா டேங்க்ல பாதி உங்களுக்கே போயிடும். மிச்சப் பாதி ரெண்டு குடும்பத்துக்கு. முறைப்பு ஏன்னு புரியுதா? ஞாயித்துக்கிழமை எல்லா வீட்லயும் துவைப்பாங்க, நீங்க புதனோ வியாழனோ வெச்சுக்கங்க. சிறுநீருக்கு ஃப்ளஷை அழுத்தாம ஒரு மக் ஊத்துங்க.

பசங்க வீட்டுல வழக்கமா நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. குழாயைத் திறப்பீங்க, தண்ணி வராது, அப்படியே விட்டுட்டு காலேஜுக்குப் போயிடுவீங்க. கீழே யாராவது மோட்டார் போட்டதும் டேங்க் மொத்தமும் உங்க பாத்ரூம் வழியா சாக்கடைக்குப் போயிடும். உங்க போர்ஷனுக்கு வர பைப்புல ஒரு கேட் வால்வு இருக்கும், பெரும்பாலும் டேங்க் பக்கத்துல. எதுன்னு கண்டுபிடிச்சு பெயின்ட்ல குறி போடுங்க. கடைசியா கிளம்புறவர் அதை மூடணும். பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் அப்படித்தான்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாம ஒழுகும். ராத்திரி அதுல நாலு சொட்டு சொட்டு நீலம் விடுங்க. அழுத்தாம கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கக்கூஸ்ல நீலம் தெரிஞ்சா உள்ள வாஷர் போச்சு. சின்னச் செலவுதான், ஓனருக்காகக் காத்திருக்காம மாத்திடுங்க.

மோட்டார் போடுறதுக்கு முன்னாடி சம்ப் மூடியைத் திறந்து பாருங்க. சம்புக்குள்ள இறங்குற பைப்போட அடி நுனியில இருக்கிறது ஃபுட் வால்வு. தண்ணி அதுக்குக் கீழ இறங்கினப்புறமும் ஓடினா காத்து இழுக்கும், மோட்டார் சீல் சூடாகித் தேஞ்சுடும், ரிப்பேர் செலவு மூணு வீட்டுக்கும் விழும். டேங்க் நிரம்ப எத்தனை நிமிஷம்னு ஒரு தடவை பார்த்து அலாரம் வெச்சுக்கங்க. மாடியில இருந்து தண்ணி வழிஞ்சு கீழ்வீட்டுக் கோலத்துல விழுந்தா அன்னிக்கு முழுக்க உங்க பேச்சுதான்.

டியூப்கட்டு:
சத்தத்துக்கு வரேன். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரைதான் இரவு நேரம்னு 2000-ல வந்த ஒலி மாசு விதிகள் சொல்லுது, அளவு 45 டெசிபல். ஆனா பழைய கட்டடத்துல பாட்டுச் சத்தத்தை விட இடிக்கிற சத்தம்தான் அதிகம் இறங்கும். ஸ்பீக்கரைத் தரையிலயும் பொதுச் சுவர் ஓரமாவும் வைக்காதீங்க. ஸ்டூல் மேல நாலா மடிச்ச போர்வை, அதுக்கு மேல ஸ்பீக்கர். பாஸை, அதாவது அந்த 'தும் தும்' சத்தத்தைக் குறைச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். இரும்புக் கட்டில், நாற்காலி கால் எல்லாத்துக்கும் ரப்பர் புஷ் போடுங்க, ஹார்டுவேர் கடையில கிடைக்கும்.

கேட் கொண்டி இன்னொரு எதிரி. பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டி, கொண்டி விழுற இடத்துல ரெண்டு சுத்து சுத்தி கம்பியால இறுக்கிக் கட்டுங்க. ராத்திரி வண்டியில வந்தா தெருமுனையிலேயே இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டிக்கிட்டு வாங்க. மொட்டை மாடியில நின்னு போன் பேசாதீங்க, நாலு வீடு தள்ளிக் கேக்கும். யாரோட பேசுறீங்கன்னு தெருவே தெரிஞ்சுக்கும், அது வேற.

மாடிப்போர்ஷன்:
கீழ்வீட்டு அண்ணா காசிமேடு மீன் ஏலத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே போறவர். பகல்லதான் தூங்குறார். அப்போ 10 மணி கணக்கு செல்லாதே?

டியூப்கட்டு:
செல்லாது. ஹார்பர் ஷிப்ட், மீன் வேலை இருக்கிற தெருவுல பகல் 11 மணி கூட ஒருத்தருக்கு நடுராத்திரிதான். "அண்ணா, நீங்க எப்ப தூங்குவீங்க?"ன்னு நேரா கேளுங்க. அந்த நேரத்துல மிக்ஸி, துணி அடிச்சுத் துவைக்கிறது ரெண்டும் வேணாம். உங்க நம்பரையும் கொடுத்துடுங்க. ஓனருக்குப் போன் போகாம உங்களுக்கே வரும்.

மேன்ஹோல்மூடி:
குப்பை: மாநகராட்சி வண்டி காலையில வரும், அப்ப நீங்க தூங்கிட்டிருப்பீங்க. அதுக்காக ராத்திரியே கவரைக் கட்டி வாசல்ல வெச்சா, பிரியாணி எலும்புக்கு நாய் கிழிச்சு தெரு முழுக்க இழுக்கும். மூடி போட்ட பக்கெட்ல மக்கும் குப்பை, அடியில நியூஸ்பேப்பர். மக்காதது தனிப் பையில. யாருக்கு எந்த நாள்னு எழுதி ஒட்டி, அந்த ஆள் எழுந்து கையில கொடுக்கணும்.

சால்னா எண்ணெய், டீத்தூள், சோறு எதையும் சிங்க்ல ஊத்தாதீங்க. எண்ணெய் பைப்புல உறைஞ்சு முடியோட சேர்ந்து அடைக்கும். அடைச்சா பொங்குறது உங்க வீட்டுல இல்ல, கீழ்வீட்டுப் பாத்ரூம்ல. பாத்ரூம் தண்ணி போற ஓட்டை மேல இருக்கிற ஜாலியில சேர்ற முடியை வாரம் ரெண்டு தடவை எடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில இது இன்னும் மோசம். தெருவுல தண்ணி நின்னு சாக்கடை நிரம்பிட்டா நீங்க ஊத்துற ஒவ்வொரு பக்கெட்டும் கீழ எழும்பும். அப்ப துணி துவைக்காதீங்க, குளியல் ஒரு பக்கெட். கீழ்வீட்டுக்காரங்க அரிசி, டிவி, புள்ளைங்க புக்ஸ் வைக்க உங்க ஹால்ல இடம் ஒதுக்குங்க. கழிவுநீர் அடைப்புக்குக் குடிநீர் வாரியம் 1916, குப்பைக்கும் மழைநீர் தேக்கத்துக்கும் மாநகராட்சி 1913. மாத்தி அடிச்சா அலைய விடுவாங்க.

ராயபுரம்காரி:
ஒண்ணு விட்டுப்போச்சு. தெருவுல சாவு விழுந்தா, பந்தலும் ஃப்ரீசர் பாக்ஸும் போட இடம் வேணும். யாரும் வந்து கேக்கறதுக்கு முன்னாடி நாலு வண்டியையும் தெருமுனைக்குத் தள்ளிடுங்க. எடுக்கிற வரைக்கும் பாட்டு வேணாம். ஆடியில கூழ் ஊத்த வசூலுக்கு வந்தா நாலு பேரும் சேர்ந்து ஏதாவது கொடுங்க, கூழ் ஊத்துற அன்னிக்குப் பாத்திரத்தோட போய் வாங்கிக்கங்க. கொடுத்துட்டு வாங்காம இருந்தாலும் தப்பா எடுத்துப்பாங்க.