எட்ஜ் போர்ட் ஆக்கிய பிறகு ஒரு போர்ட் மட்டும் தானாக அணைகிறது: உதவி தேவை

புதுவலை: வணக்கம். எங்கள் ஸ்விட்சில் (கணினிகளைக் கேபிளால் ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) கணினியைச் செருகினால் இணைப்பு கிடைக்க அரை நிமிடம் ஆனது. அதற்குள் கணினி, வலையமைப்பிலிருந்து முகவரி கிடைக்காததால், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொண்டது. ஆகவே எல்லாப் போர்ட்டுகளிலும் எட்ஜ் போர்ட்டையும் (காத்திருக்காமல் உடனே இணைப்பு தரும் அமைப்பு) பிபிடியு கார்டையும் (ஸ்விட்சுகள் தமக்குள் அனுப்பும் பிபிடியு செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) இயக்கினேன். தாமதம் போய்விட்டது. ஆனால் ஒரு போர்ட் மட்டும், எத்தனை முறை இயக்கினாலும், உடனே அணைந்துவிடுகிறது. அவசரம்.

கம்பிவடம்: கேபிளை மாற்றுங்கள். இத்தகைய புகார்கள் பெரும்பாலும் ஆர்ஜே45 முனையில்தான் முடிகின்றன.

மறுமுனை: அந்தப் போர்ட்டில் என்ன செருகப்பட்டிருக்கிறது? லாகில் (ஸ்விட்சின் நிகழ்வுப் பதிவில்) என்ன காரணம் பதிவாகியிருக்கிறது? எல்லாப் போர்ட்டுகளும் என்றால் அப்லிங்குமா (மற்ற வலையமைப்போடு இணைக்கும் போர்ட்)?

மூலவேர்: கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது. பழைய எஸ்டிபியில் (இணைப்புகள் வட்டமாகி லூப் உண்டாவதைத் தடுக்க ஸ்விட்சுகள் பின்பற்றும் நெறிமுறை) போர்ட் லிசனிங் நிலையில் 15 நொடியும் லேர்னிங் நிலையில் 15 நொடியும் காத்திருக்கும். உங்கள் அரை நிமிடம் அதுதான். எட்ஜ் போர்ட் என்று அறிவிப்பது, மறுமுனையில் ஸ்விட்ச் இல்லை என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கு பொய்த்ததால் கார்டு போர்ட்டை மூடியிருக்கிறது. அங்கே இன்னொரு மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) இருக்கிறது, தேடுங்கள்.

புதுவலை: லாகிலும் பிபிடியு கார்டு என்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது அமைப்பு எதுவும் செய்ய முடியாத சாதாரணச் சிறிய ஸ்விட்ச். அது பிபிடியு அனுப்புமா?

மறுமுனை: அனுப்பாது. ஆனால் எட்ஜ் போர்ட்டும் பிபிடியுவை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், இத்தகைய ஸ்விட்சுகளில் பல அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றப் போர்ட்டுகளுக்கு அப்படியே கடத்திவிடும் என்பதால், சிறிய ஸ்விட்சில் எங்கேனும் லூப் இருந்தால் உங்கள் ஸ்விட்ச் அனுப்பியதே அதனிடம் திரும்பி வரும். அங்கிருக்கும் கேபிள்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பாருங்கள்.

குறுக்குவழி: இவ்வளவு எதற்கு? அந்தப் போர்ட்டில் பிபிடியு ஃபில்டர் (பிபிடியுவை அனுப்பாமலும் ஏற்காமலும் தடுப்பது) போட்டால் அணையாது.

மூலவேர்: அணையாது, வலையமைப்பு முழுவதும் படுத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் (வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதி) ஆயுள் எண்ணிக்கை கிடையாது. லூப்பில் சிக்கிய பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிகளுக்கும் போகும் செய்தி) சுற்றிக்கொண்டே இருக்கும்.

குறுக்குவழி: சிஸ்கோ நிறுவன ஸ்விட்சுகளில் ஃபில்டரை ஸ்விட்ச் முழுமைக்குமாக இயக்கினால், பிபிடியு வந்தவுடன் அது விலகி, போர்ட் வழக்கமான எஸ்டிபிக்குத் திரும்பிவிடும். எனவே ஃபில்டர் என்றாலே ஆபத்து என்பது மிகை.

மூலவேர்: நீங்கள் முதலில் சொன்னது ஒரு போர்ட்டில் நேரடியாகப் போடுவதை. அங்கே அது விலகாது.

கம்பிவடம்: கேபிளை மாற்றிப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லையே?

புதுவலை: சிறிய ஸ்விட்சில் ஒரே கேபிளின் இரு முனைகளும் செருகப்பட்டிருந்தன. எடுத்துவிட்டேன், இப்போது அணையவில்லை. நன்றி.

கம்பிவடம்: ஆக, கேபிள்தான்.

மறுமுனை: அப்லிங்கைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அதிலும் கார்டு இருந்தால், நாளை அந்த முனையில் எஸ்டிபி பேசும் ஸ்விட்சை வைத்த கணமே எல்லாருடைய இணைப்பும் போய்விடும். அங்கே மட்டும் எட்ஜ் போர்ட், கார்டு இரண்டையும் நீக்கிவிடுங்கள்.