தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது?

நான்: சித்தி, நாளை மறுநாள் உயிர்வேதியியல் தேர்வு. செல் சவ்வை உண்டாக்கும் மூலக்கூறான பாஸ்போலிப்பிடை வட்டமும் இரண்டு கோடுகளுமாக வரையச் சொன்னால், வட்டத்தை நீரோடு சேரும் முனைவுள்ள தலை என்றும் கோடுகளை நீரோடு சேராத முனைவற்ற வால்கள் என்றும் குறித்துவிடுவேன். ஆனால் எல்லா அணுக்களையும் காட்டி எல்லைக்கோடு போடச் சொன்னால் கிளிசராலை எந்தப் பக்கம் சேர்ப்பது?

சித்தி: சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. பாஸ்படிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிடை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வா. உச்சியில் கோலின் இருக்கிறது. அதன் நைட்ரஜனில் நேர் மின்சுமை. அடுத்துள்ள பாஸ்பேட்டில் எதிர் மின்சுமை. இரண்டையும் கூட்டினால் சுழி வருகிறது என்பதற்காக முனைவு இல்லை என்று எழுதிவிடாதே. இரு மின்சுமைகளும் தனித்தனி இடங்களில் இருப்பதால், நீர் மூலக்கூறுகள் இரண்டையும் சூழ்ந்துகொள்கின்றன.

சித்தி: இனி கிளிசரால். அதன் மூன்று கார்பன்களில் ஒன்று பாஸ்பேட்டோடும், மற்ற இரண்டும் எஸ்டர் பிணைப்பின் வழியாகக் கொழுப்பு அமிலங்களோடும் இணைந்திருக்கின்றன. எஸ்டரிலுள்ள கார்பனைலின், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த பகுதியின், ஆக்சிஜனோடு நீர் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ள முடியும். ஆகவே கிளிசராலையும் இரண்டு கார்பனைல்களையும் தலைப்பக்கம் சேர்த்து, அவற்றுக்குக் கீழே கோட்டைப் போடு.

நான்: அப்படியானால் கொழுப்பு அமிலத்தின் முதல் கார்பன் தலையோடு போய்விடுகிறதே? கொழுப்பு அமிலம் முழுவதும் வால் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

சித்தி: ஆம், இரண்டாவது கார்பனிலிருந்துதான் உண்மையான வால் தொடங்குகிறது. அங்கிருந்து கடைசி வரை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனான எலக்ட்ரான் கவர்தன்மை கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுடையது 2.20, வேறுபாடு இவ்வளவு குறைவாக இருப்பதால் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக அதிகம் சாய்வதில்லை. ஆக்சிஜனின் மதிப்பு 3.44 என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் எஸ்டர் ஏன் தலைப்பக்கம் என்பதும் விளங்கிவிடும். சவ்வில் இந்த எல்லை கத்தியால் வெட்டியது போல் இருக்காது. நீர் கார்பனைல் வரை வந்து படிப்படியாகக் குறைகிறது. தேர்வுத்தாளில் மட்டும் ஒரே கோடாக வரைந்துவிடு.

பெரியப்பா: நான் படித்தது வேறு துறை என்பதால் கேட்கிறேன் அம்மா. இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் இணைந்திருக்கின்றனவா? இணைந்திருக்கவில்லை என்றால் இவ்வளவு மெல்லிய சவ்வு கலைந்து போகாமல் இருப்பது எப்படி?

சித்தி: ஒரு பாஸ்போலிப்பிடுக்கும் அடுத்ததற்கும் இடையே சகப்பிணைப்பு எதுவும் கிடையாது, அத்தான். வால்களுக்கு இடையே வலுக்குறைந்த வான்டர்வால்ஸ் ஈர்ப்பு உண்டு. ஆனால் சவ்வைச் சேர்த்து வைத்திருக்கும் முதன்மையான காரணம் வெளியே இருக்கும் நீர்தான். நீர் மூலக்கூறுகள் ஓயாமல் இடம் மாறி, ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டபடி இருப்பவை. முனைவற்ற சங்கிலி ஒன்று அவற்றின் நடுவே வந்தால், அதோடு பிணைப்பு கொள்ள வழியில்லாமல், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைப்பைக் காத்துக்கொள்ள ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேர்கிறது. அதாவது அவற்றின் என்ட்ரோபி என்ற ஒழுங்கின்மை குறைகிறது. பல வால்கள் ஒன்று சேர்ந்துவிட்டால் நீரைத் தொடும் பரப்பு குறைந்து, அப்படிக் கட்டுண்டிருந்த நீர் விடுபடுகிறது. வால் நீரைத் தள்ளுகிறது என்று மனப்பாடம் செய்வதைவிட, நீர் தன் சுதந்திரத்துக்காக வால்களை ஒன்றுசேர்த்துவிடுகிறது என்று புரிந்துகொள்வதையே நான் என் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

தம்பி: சோப்புக்கும் தலையும் வாலும் உண்டு என்று எங்கள் பாடத்தில் வருகிறது சித்தி. அப்படியானால் சோப்பினால் ஏன் செல் சவ்வு உண்டாகவில்லை?

சித்தி: அருமையான கேள்வி. சோப்புக்கு வால் ஒன்றுதான். தலை அகலமாகவும் வால் குறுகலாகவும் இருப்பதால் மூலக்கூறு ஏறக்குறைய கூம்பு வடிவம் பெறுகிறது. கூம்புகளை நெருக்கி அடுக்கினால் உருண்டைதான் வரும், அதுவே மிசெல். பாஸ்போலிப்பிடுக்கு இரண்டு வால்கள் இருப்பதால் அது உருளை வடிவத்தை ஒத்திருக்கிறது, உருளைகளை அடுக்கினால் தட்டையான பரப்பு கிடைக்கிறது. அப்படி இரண்டு அடுக்குகள், வால்கள் உள்ளே எதிரெதிராகவும் தலைகள் வெளியே நீரை நோக்கியும் இருக்கச் சேர்ந்ததுதான் சவ்வு. அந்தப் பரப்பின் ஓரங்களில் வால்கள் நீரில் படும் என்பதால், அது தானாகவே வளைந்து மூடிக்கொண்டு குமிழாகிவிடும்.

நான்: இரண்டு அடுக்குகள் என்பதை முதலில் கண்டறிந்தது யார்?

சித்தி: 1925இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர். இரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிடுகளை, அதாவது கொழுப்பு வகைப் பொருள்களை, பிரித்தெடுத்து, நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரப்பை மூடியது. லிப்பிடு முழுவதும் பிரிந்து வரவில்லை, அணுக்களின் பரப்பையும் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். இந்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் முடிவு சரியாக வந்தது என்பதை நான் வகுப்பில் விடாமல் சொல்வேன். சவ்வின் மூலக்கூறுகள் பாய்மத்தில்போல் நகர்கின்றன என்று சொல்லும், 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட பாய்ம மொசைக் மாதிரி உன் பாடத்திலேயே இருக்கிறது.

அக்கா: இப்போதுதான் பணி முடிந்து படித்தேன். எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில், குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியாகச் சர்ஃபாக்டன்ட் கொடுக்கிறோம். வெண்ணிறக் கலங்கல் திரவம் அது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மிதமாகச் சூடேறவிட்டு, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவோம். அதிலும் இருப்பது பாஸ்போலிப்பிடுதானே சித்தி?

சித்தி: ஆம், பெரும்பகுதி பாஸ்போலிப்பிடுதான். அவற்றில் முக்கியமானது டைபால்மிடாயில்பாஸ்படிடைல்கோலின். அதன் இரண்டு வால்களும் 16 கார்பன் கொண்ட நிறைவுற்ற சங்கிலிகள். நுரையீரலின் காற்றறைகளில் ஒரு பக்கம் நீர்ப்படலம், மறுபக்கம் காற்று. அங்கே தலை நீரிலும் வால் காற்றை நோக்கியும் நிற்க, ஒற்றை அடுக்கே போதுமானதாகிறது. அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால்தான், மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வதில்லை. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் இதைப் போதிய அளவு சுரக்கத் தொடங்கியிருக்காது. நீ கையில் எடுக்கும் அந்தக் குப்பியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை என்னால் தர முடியாது.

நான்: கடைசியாக ஒன்று. சவ்வு பாய்மம் என்றால், உள் அடுக்கில் இருக்கும் மூலக்கூறு வெளி அடுக்குக்குப் போய்விடாதா?

சித்தி: பக்கவாட்டில் அது மிக வேகமாக நகரும், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். தலைகீழாகப் புரள்வதோ மிக அரிது, ஏனெனில் மின்சுமையுள்ள தலை தன்னைச் சூழ்ந்த நீரைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 3 நானோமீட்டர் தடிமனுள்ள முனைவற்ற நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும். சோடியம், பொட்டாசியம் அயனிகளை லிப்பிடு அடுக்கு தடுப்பதும் இதே காரணத்தால்தான். ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் முனைவற்ற சிறு மூலக்கூறுகள் என்பதால் எளிதில் ஊடுருவுகின்றன. இப்படிப் புரள்வது கடினமாக இருப்பதால்தான் செல்லால் இரண்டு அடுக்குகளையும் வெவ்வேறாக வைத்துக்கொள்ள முடிகிறது. பாஸ்படிடைல்செரின் என்ற பாஸ்போலிப்பிடு பெரும்பாலும் உள் அடுக்கிலேயே இருக்கும். தவறி வெளியே வந்தால் ஃபிலிப்பேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அதைத் திரும்ப உள்ளே கொண்டுவரும். செல் திட்டமிட்டு இறக்கும்போது அந்த நொதி செயலிழந்து, அடுக்குகளைக் கலக்கும் வேறொரு புரதம் செயல்படத் தொடங்க, பாஸ்படிடைல்செரின் வெளிப்பக்கம் தெரிகிறது. அதை உணர்ந்துதான் விழுங்கு செல்கள் வந்து அந்தச் செல்லை அகற்றுகின்றன.