லவ் கேக் செய்யத் தெரிஞ்ச ஆக்கள் உதவி செய்யுங்கோ

அம்மம்மா நத்தாருக்குச் செய்யிற லவ் கேக்கை (எங்கட இலங்கை ரவைக் கேக்) அம்மா இப்ப அடிக்கடி கேக்கிறா. எழுதி வைச்ச குறிப்பு ஒண்டும் இல்லை.

ரவையை வறுத்து, சூட்டோட பட்டர் சேர்த்துப் பிசைஞ்சு மூடி வைப்பா. கஜுவைக் கத்தியாலதான் நறுக்குவா, அரைக்க விடமாட்டா. பூசணி அல்வா (சீனிப்பாகில காய்ச்சின நீத்துப்பூசணி), தேன், பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய் எல்லாம் சேரும். மேலையும் கீழையும் தணல் போட்டு வேகவிடுவா. மேல்பக்கம் மொறுமொறுவெண்டு, உள்ளுக்கு ஈரமா இருக்கோணும். காய்ஞ்சு போனா அது லவ் கேக்கே இல்லை.

250 கிராம் ரவைக்கு எத்தனை மஞ்சள்கரு போடுறனீங்கள்? மின்சார அவணில எந்தச் சூடு, எவ்வளவு நேரம்? பூசணி அல்வா இங்க கடையளில கிடைக்காது. நீத்துப்பூசணியில வீட்டிலேயே செய்தவை இருந்தா, பாகுப் பதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. இந்த நத்தாருக்கே அம்மாவுக்குச் செய்து குடுக்க ஆசை.