நத்தாருக்கு முந்திய ஏழு மாலைகளின் ‘ஓ’ முன்மொழிகள்

கேள்வி (உப்புவெளி):
எங்கள் பங்கின் பாடகர் குழு, நத்தார் நவநாள் செபத்தோடு, ‘ஓ’ என்று தொடங்கும் பழைய ஏழு முன்மொழிகளையும் (செபப் பாடலுக்கு முன்னும் பின்னும் பாடும் சிறு வசனங்கள்) இம்முறை பாட விரும்புகிறது. அவற்றை எந்நாளில், வழிபாட்டின் எவ்விடத்தில் பாட வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் (பாலையூற்று):
டிசெம்பர் 17 முதல் 23 வரை, நாளுக்கு ஒன்றாக, மாலைச் செபத்தில் மரியாளின் பாடலுக்கு முன்னும் பின்னும் அவை பாடப்படுகின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, எம்மானுவேலே என மீட்பரை ஒவ்வொரு பெயரால் அழைத்து, ‘வாரும்’ என்று மன்றாடுவதே அவற்றின் அமைப்பு. இவற்றுட் பல எசாயா நூலிலிருந்து எழுந்தவை. ஈசாயின் வேர் 11ஆம் அதிகாரத்திலும் திறவுகோல் 22ஆம் அதிகாரத்திலும் உள்ளன. திருப்பலியில் இவ்வழைப்புகள் நற்செய்திக்கு முந்திய அல்லேலூயா வசனமாகச் சுருங்கி வரும். மாலைச் செபம் நடவாத பங்குகளுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

பதில் (நிலாவெளி):
அங்கிலிக்கன் சபையின் பழைய நாட்காட்டி 16ஆம் திகதியே தொடங்குவதால், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இலத்தீனில் ஏழுக்கும் மெட்டு ஒன்றே. கீபோர்ட்டை மூடிவைத்து வெறுங்குரலில் பாடுங்கள். மாரிமழை தகரக் கூரையில் இரையும்போது ‘ஓ’வை ஒருவர் மட்டும் எடுத்தால் பின்வாங்கில் இருப்போருக்குக் கேட்காது; இருவர் சேர்ந்து எடுப்பது நல்லது.

கேட்டவர்:
நன்றி. 24ஆம் திகதிக்கு ஏன் ஒன்றும் இல்லை?

பதில் (பாலையூற்று):
அன்று மாலைச் செபத்தோடு நத்தார்ப் பெருவிழாவே தொடங்கிவிடுகிறது.