பிறர் உடுத்திய துணியை வாங்கி நம் அளவுக்கு மாற்ற: எதைப் பார்த்து எடுப்பது?

நூல்கண்டு (கேள்வி)

வணக்கம். இனி புதுத்துணி வேண்டாம், பிறர் உடுத்திய துணிகளையே வாங்கி அலமாரியை நிரப்பலாம் என்றிருக்கிறேன். தையல் மெஷின் இருக்கிறது. நேர்த்தையல், ஓரம் மடித்து அடிப்பது, ஜிப் மாற்றுவது வரை வரும். எனக்குத் தோள் ஒடுக்கம், இடுப்புக்குக் கீழே அகலம். சட்டை மேலே பொருந்தினால் கீழே இறுக்குகிறது, கீழே பொருந்தினால் தோளில் தொங்குகிறது. எதை விட்டுக்கொடுத்து வாங்கலாம்?

கைக்குழி

தோளை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியிற இடத்துல நிக்கணும். அது கையில இறங்கிட்டா, கையைப் பிரிச்சு, கைக்குழியை வெட்டி, மறுபடி கையை ஏத்தணும். உள்ளே கேன்வாஸும் (விறைப்பா நிக்க வைக்கிற உள்துணி) தோள் பேடும் வச்ச கோட்டா இருந்தா இன்னும் மோசம், அதை விட்டுடுங்க.

கீழே இறுக்கமா இருந்தா கவலை வேண்டாம். முழுக்கைச் சட்டையா எடுங்க. கையை அரைக்கையா வெட்டினா மிச்சத் துணி கிடைக்கும். பக்கத் தையலை இடுப்புலேருந்து கீழே பிரிச்சு, அந்தத் துணியில ஒரு முக்கோணத் துண்டு வெட்டி ரெண்டு பக்கமும் வச்சு அடிங்க. அதே சட்டையோட துணி, அதே அளவு வெளுத்திருக்கும். கடையில தேடி வாங்குற எந்தத் துணியும் அப்படிச் சேராது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது.

பிரிச்சுப் பெருசாக்கலாம்னு நம்பி வாங்குறதுக்கு முன்னாடி உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ரெடிமேட்ல பெரும்பாலும் ஓவர்லாக் (ஓரம் பிரியாம சுத்தி அடிக்கிற தையல்) ஓட்டி ஒரு சென்டிமீட்டர்தான் விட்டிருப்பாங்க, பிரிக்க ஒண்ணும் இருக்காது. ஆண்கள் ஃபார்மல் பேன்ட் மட்டும் வேற. பின்பக்க நடுத்தையல்ல, இடுப்புக்கிட்ட, ஒரு அங்குலத்துக்குக் குறையாம விட்டிருக்குறது உண்டு. ஆனா வெளிப்பக்கம் வெளுத்துப்போன துணியைப் பிரிச்சா பழைய கோடு தெரியும். பட்டு, தோல்ல ஊசி ஓட்டையே நின்னுடும்.

துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க: அக்குள், பேன்ட்னா உட்காருற இடம், தொடையோட உள்பக்கம். இழை நைஞ்சிருந்தா அங்கே புதுத்தையல் போடக் கூடாது. தையல் நிக்கும், அதை ஒட்டின துணி கிழியும்.

எதுவா இருந்தாலும் துவைச்சு, காயவச்சு, தேய்ச்ச பிறகுதான் கத்தரியை எடுக்கணும்.

சாயப்பானை

நிறம் மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று. பருத்திக்கான சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது. துணி முழுப் பருத்தியாக இருந்தாலும், தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். வெள்ளைச் சட்டையைக் கருநீலத்தில் முக்கினால் தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். எனக்கு அது அழகாகப் படுகிறது; பிடிக்காதவர்கள் முன்னமே யோசித்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லையென்றால் உள்தையலிலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல மணந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், கம்பளி முடி கருகும் வாசனை தரும்.

நூல்கண்டு

இருவருக்கும் நன்றி. ஒரு சட்டை கையில் இருக்கிறது. தோள் சரி, கீழேயும் தாராளம், ஆனால் முதுகில் மட்டும் துணி பொதபொதவென்று நிற்கிறது. பக்கத்தையலிலேயே பிடித்துவிடலாமா?

கைக்குழி

வேண்டாம். பக்கத்துல பிடிச்சா முன்பக்கமும் சேர்ந்து இழுக்கும், பட்டன் பட்டி விலகும். முதுகுல ரெண்டு டாட் போடுங்க, அதாவது துணியை உள்பக்கமா மடிச்சு, முனை கூரா வர்ற மாதிரி பிடிச்சு அடிக்கிறது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஆரம்பிச்சு, இடுப்பு ஒடுங்குற இடத்துல அகலமா, இடுப்பெலும்புக்கு மேலே கூரா முடியட்டும். முதல்ல கையால பெரிய ஓட்டுத்தையல் போட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு உட்காருங்க, கையை முன்னால நீட்டுங்க. முதுகு இழுத்தா டாட்டைக் குறைங்க. சரியா இருந்தா மெஷின்ல அடிங்க. ரெண்டு முனையிலயும் திருப்பி அடிக்காதீங்க, அங்கே புடைச்சுக்கும். நூலை நீளமா விட்டு கையால முடிச்சுப் போடுங்க. வெட்ட வேண்டிய வேலையே இல்ல, நாளைக்கு உடம்பு மாறினா பிரிச்சுக்கலாம்.