இழை: ‘கன் பெல்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ‘கன் பெல்ட்’டுக்கு, அதாவது கைத்துப்பாக்கியை உறையோடு இடுப்பில் தாங்குகிற பெல்ட்டுக்கு, தமிழ்ச்சொல் கேட்டு இழையைத் தொடங்கிய நண்பருக்கு நன்றி. அதன்பின் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து இடுப்பில் வைத்துக்கொள்வது சட்டப்படி சாதாரணம். 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் பெரும்பாலும் தனி உரிமம்கூட எடுக்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் நியூயார்க் வழக்கில், பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதும் உரிமைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதற்கு அப்புறம், முன்பு உரிமம் கிடைப்பதே அரிதாக இருந்த மாநிலங்களிலும் மக்கள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள், உறையைத் தேடி வாங்குகிறார்கள். பெல்ட் மட்டும் வீட்டில் இருப்பதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஏன் போதாது என்று தமிழில் இரண்டு பத்தி எழுத உட்கார்ந்தால் கைக்கு ஒரு சொல் அகப்படுவதில்லை. அதனால் இந்த விவாதம் எனக்கு முக்கியம்.

> ‘துப்பாக்கிப் பட்டை’ என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன? எல்லோருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் வேறொன்று புரியும். துப்பாக்கிப் பட்டை என்றதும் நம் கண்முன் வருவது கௌபாய் படத்து நாயகன் கட்டியிருக்கும், தோட்டாக்களை வரிசையாகச் செருகிய, ஒரு பக்கம் தொடைவரை இறங்கித் தொங்கும் தோல்பட்டை. அது இல்லாவிட்டால் இயந்திரத் துப்பாக்கிக்குள் ஓடுகிற தோட்டாச் சரம். நாம் பெயர் தேடுவது இரண்டுக்கும் இல்லை. அலுவலகத்துக்குப் போகிறவர் கால்சட்டையில் கட்டுகிற பெல்ட் போலவே அது வெளிப்பார்வைக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். பெல்ட்டைப் பார்த்தே துப்பாக்கி இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றால் மறைத்து என்ன பயன்? ஆகவே பெயரில் ‘துப்பாக்கி’ வருவது பொருளின் இயல்புக்கே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

அடுத்து, அந்தப் பெல்ட் செய்கிற வேலையைப் பார்ப்போம். பலரும் வைத்திருக்கும் கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கி தோட்டாக்கள் நிரப்பிய நிலையில் 855 கிராம். எஃகில் செய்த முழு அளவு 1911 வகைக் கைத்துப்பாக்கி என்றால் தோட்டா இல்லாமலே 1.1 கிலோ அளவில் வரும். இந்த எடை இடுப்பைச் சுற்றிச் சமமாகப் பரவுவதில்லை. ஒரே பக்கத்தில், உறையின் ஒன்றிரண்டு பிடிப்புகள் வழியாக, பெல்ட்டின் மூன்று நான்கு அங்குல நீளத்தில் மட்டும் தொங்குகிறது. சாதாரண பெல்ட் அந்த இடத்தில் மேல்விளிம்பு வெளியே மடங்கி முறுக்கிக்கொள்ளும். உறை சாயும், துப்பாக்கியின் கைப்பிடி உடம்பை விட்டு விலகிச் சட்டையைத் தள்ளும். கால்சட்டை அந்தப் பக்கம் இறங்கும். ஆள் அடிக்கடி இடுப்பைப் பிடித்து மேலே இழுத்து விட்டுக்கொள்வார். பழகிய கண்ணுக்கு அந்த ஒரு அசைவே போதும்.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. உறை துப்பாக்கியின் விசையை (டிரிகரை) முழுக்க மூடி, துப்பாக்கியை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். எடுக்கும்போது துப்பாக்கி மட்டும் வர வேண்டும், உறையும் சேர்ந்து எழும்பி வரக்கூடாது. திரும்பச் செருகும்போது உறையின் வாய் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் அடித்தளம் பெல்ட்தான்.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு பழைய தீர்வு உண்டு. போலீஸ், இராணுவச் சீருடையில் தோளிலிருந்து குறுக்கே வரும் வாரோடு கூடிய பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். சாம் பிரவுன் பெல்ட் என்று அதற்குப் பெயர். சாம் பிரவுன் ஆங்கிலேய இந்தியப் படையின் குதிரைப்படை அதிகாரி. 1858இல் வட இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். வாளை உருவ ஒரு கை வேண்டும், வாளுறையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை அவருக்கு இல்லை. ஆகவே இடுப்புப் பட்டையின் எடையைத் தோளுக்கு ஏற்றி, உறை ஆடாமல் நிற்கும்படி அந்த அமைப்பைக் கொண்டுவந்தார். மறைத்து வைப்பவருக்குத் தோள்வார் வசதி கிடையாது. அது செய்த வேலையை இடுப்புப் பட்டையே தன் கெட்டித்தன்மையால் செய்தாக வேண்டும். நாம் தேடும் சொல் இந்தத் தன்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் வலியுறுத்துவது.

> ‘உறுதிப்பட்டை’ அல்லது ‘வலுப்பட்டை’

இதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. உறுதி, வலு என்றால் அறுந்துபோகாமை என்றுதான் முதலில் தோன்றும். இருநூறு ரூபாய் பெல்ட்டும் ஒரு கிலோ எடைக்கு அறுந்துவிடாது. இங்கே கேள்வி அறுவது பற்றியது இல்லை. கடையில் ஒரு பெல்ட்டைக் கையில் எடுத்து, இரண்டு கைக்கும் நடுவே அரையடி இடைவெளி விட்டுப் பிடித்து, துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். பிறகு அகலவாக்கில், மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றையொன்று தொடும்படி மடக்கிப் பாருங்கள். சாதாரண பெல்ட் எளிதாக மடங்கிவிடும். நமக்கு வேண்டியது மடங்க மறுக்கும், விரல் வலிக்கும். தடிப்பைப் பார்த்து ஏமாறவும் கூடாது. தோல் தூளைப் பசையில் ஒட்டி அழுத்திச் செய்த பெல்ட்கள் தடிப்பாகவே இருக்கும், கொஞ்ச காலத்தில் துளைகளைச் சுற்றி வெடித்துக் கூழாகிவிடும்.

> அப்படியானால் ‘வளையாப் பட்டை’?

நெருங்கி வந்துவிட்டீர்கள். ஆனால் இடுப்பைச் சுற்றி வளையாவிட்டால் அதைக் கட்டவே முடியாதே. நீளவாக்கில் நன்றாக வளைய வேண்டும், அகலவாக்கில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. முன்வயிற்றுப் பக்கம் உறையை வைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். நீளவாக்கிலும் கட்டை போல விறைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தால் அடிவயிற்றில் குத்தும். இதே காரணத்தால் ‘விறைப்புப் பட்டை’யும் சரிவராது. விறைப்பு என்ற சொல்லுக்கு மருத்துவ விளம்பரங்கள் ஏற்றிவிட்ட பொருள் வேறு இருக்கிறது.

> ‘தாங்குவார்’ – வார் என்பது தோல்பட்டைக்கு நல்ல தமிழ். தாங்கும் வார், தாங்குவார்.

ஐயா, வார் என்ற சொல்லை நீங்கள் நினைவூட்டியது மிக நல்லது. செருப்பு வார், இடைவார் எல்லாம் நம்மிடம் இருப்பவை. ஆனால் சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: ‘நல்ல தாங்குவார் எடையைச் சுமக்கும்.’ படிப்பவர் ‘யார் தாங்குவார்?’ என்று ஒரு கணம் தடுக்கி நிற்பார். வினைமுற்றோடு மயங்கும் கலைச்சொல் நிலைக்காது. ‘படைக்கச்சை’ என்று இன்னொரு நண்பர் சொன்னதும் அழகுதான், கச்சை கட்டுவது என்ற வழக்கும் பின்னால் நிற்கிறது. ஆனால் கச்சை என்றால் கோவணத்தையும் மார்க்கச்சையையும் நினைப்பவர்களே இன்று அதிகம்.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன்: தொய்யாப் பட்டை.

கயிற்றுக் கட்டில் தொய்கிறது, கொடிக்கயிறு தொய்கிறது, கூரை தொய்கிறது. எடையால் நடுவில் இறங்கிப்போவதற்குத் தமிழன் நாக்கில் தானாக வரும் வினை இதுதான். கெட்ட பெல்ட் செய்வதும் இதையேதான். வாடாமல்லி, அணையாவிளக்கு, அழியாப் புகழ் என்று எதிர்மறைப் பெயரெச்சத்தில் பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை. ஈறு கெட்டு நிற்பதால் ஒற்று மிகும், ஆகவே ‘தொய்யாப்’ என்று பகரம் போட்டே எழுதுவோம். யாழ்ப்பாண நண்பர் பட்டி என்றுதான் தங்கள் பக்கம் வழக்கு என்று எழுதியிருந்தார். அவர்கள் தொய்யாப் பட்டி என்று வைத்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டில் பட்டி என்றால் ஊரும் ஆட்டுக்கிடையும் குறுக்கே வரும் என்பதால் இங்கே பட்டை. முன்சொல் ஒன்றாக இருந்தால் போதும், தேடுபவருக்குக் கிடைத்துவிடும்.

இன்னொரு நன்மை, இது துப்பாக்கியோடு முடங்கிப்போகாத சொல். தச்சர், மின்பணியாளர் கருவிப்பை மாட்டுவதற்கும், காவலர் வாக்கிடாக்கி மாட்டுவதற்கும் இதே குணமுள்ள பெல்ட்தான் வேண்டும்.

> தேர்ந்தெடுக்கும் விவரங்களையும் எழுதினால் துணைச்சொற்களும் கிடைக்குமே?

நிச்சயமாக. அகலத்தில் தொடங்குகிறேன். மறைத்து வைப்பவர்களின் உறைகள் பெரும்பாலும் ஒன்றரை அங்குலப் பட்டைக்கு, அதாவது 38 மில்லிமீட்டருக்கு, ஏற்பச் செய்யப்படுகின்றன. பட்டை அதைவிட ஒடுங்கியிருந்தால் உறையின் பிடிப்புக்குள் இடைவெளி விழுந்து ஆடும். ஒன்றேமுக்கால் அங்குலம் ஜீன்ஸின் லூப்பில் நுழையும், அலுவலகக் கால்சட்டையில் பெரும்பாலும் நுழையாது. சீருடைக் காவலர் கட்டுவது இரண்டேகால் அங்குலம். அதைப் ‘பணிப்பட்டை’ என்று தனியாகச் சொல்வோம்.

தோல் என்றால் முழுத்தோல் இரண்டு அடுக்கை ஒட்டி, விளிம்போரம் நெருக்கமாகத் தைத்தது நல்லது. இரண்டும் சேர்ந்து கால் அங்குலத் தடிப்புக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். தோல் மட்டுமே உள்ள பட்டை நாளாக ஆக உறை உட்காரும் இடத்தில் சற்று இளகும். அதனால் சிலர் நடுவில் மெல்லிய வில்லெஃகுத் தகடோ பிளாஸ்டிக் தகடோ வைத்துத் தைக்கிறார்கள். அந்த நடுத்தகட்டுக்கு ‘உள்விறைப்பி’ என்று நான் எழுதிவருகிறேன். இதில் விறைப்பு வருவதில் தவறில்லை, தனித்து நின்று மயக்கம் தராது. நைலான் நாடாவை அடுக்கித் தைத்த பட்டைகள் வியர்வைக்கும் மழைக்கும் அஞ்சாதவை, விலையும் குறைவு. கோட்டு சூட்டோடு மட்டும் ஒட்டாது.

பூட்டும் விதத்தில்தான் பலருக்குத் தடுமாற்றம். சாதாரணத் துளைகள் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். ஒரு துளையில் தளர்வு, அடுத்ததில் மூச்சு முட்டும். நல்ல தயாரிப்பாளர்கள் முக்கால் அங்குல இடைவெளியில் துளையிடுகிறார்கள். பட்டையின் உட்புறம் பல்வரிசை வைத்துக் கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்கும் வகை இப்போது நிறைய விற்கிறது. சாப்பிட்டு எழுந்தபின் ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம், உறை இடம் மாறாது. என் கையில் இருப்பதும் அதுதான், தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆஸ்ட்ரியால்பின் நிறுவனத்தின் கோப்ரா போன்ற உலோகக் கிளிப்புக் கொக்கிகள் மிக வலுவானவை. ஆனால் பல பட்டைகளில் அந்தக் கொக்கி லூப்பில் நுழையாது, ஒவ்வொரு முறையும் கழற்றிக் கோக்க வேண்டும். முன்வயிற்றில் உறை வைப்பவருக்குக் கொக்கியின் பருமனே இடைஞ்சல். அவர்கள் கொக்கியைச் சற்று இடுப்போரம் தள்ளிக் கட்டுகிறார்கள்.

அளவை மட்டும் கால்சட்டையின் அளவுச்சீட்டைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அந்த எண்ணும் உண்மை இடுப்பும் ஒத்துப்போவது அரிது. இப்போது கட்டும் பெல்ட்டை மேசைமேல் நீட்டி, கொக்கி மாட்டியிருக்கும் மடிப்பிலிருந்து வழக்கமாகப் போடும் துளைவரை அளந்துகொள்ளுங்கள். உறை கால்சட்டைக்கு உள்ளே போவதாக இருந்தால், உறையைச் செருகிய நிலையிலேயே கட்டி அளக்க வேண்டும். ஒன்றிரண்டு அங்குலம் கூடும்.

இனி இழையில் எழுந்த மற்ற இரண்டு சொற்கள். துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்வதைச் சொல்லும் ‘கன்சீல்டு கேரி’க்கு மறைசுமப்பு என்று வந்திருக்கிறது. சுமத்தல் என்றால் மூட்டை நினைவுக்கு வருகிறது. ஆயுதத்தோடு நம் மொழியில் வாழும் வினை ஏந்துதல். ‘ஆயுதம் ஏந்திய போலீசார்’ என்றுதான் செய்தித்தாள் எழுதுகிறது, துப்பாக்கி அவர்கள் இடுப்பில் இருந்தாலும். ஆகவே மறைத்தேந்தல், அதற்கு எதிராக வெளிப்பட ஏந்தல். ‘தொழுதகை உள்ளும் படையொடுங்கும்’ (கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கும்) என்ற குறளைக் காட்டி ‘படையொடுக்கம்’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். சான்று அருமை, பொருளும் அப்படியே பொருந்துகிறது. ஒடுக்கம் இன்று ஒடுக்குமுறையோடு போய்விட்டதால்தான் தயங்குகிறேன்.

துப்பாக்கியின் வடிவம் உடைக்கு மேலே தெரிவதை ஆங்கிலத்தில் ‘பிரிண்டிங்’ என்கிறார்கள். அதை அச்சிடல் என்று எழுதினால் அச்சகம்தான் நினைவுக்கு வரும். ‘துருத்திக்கிட்டுத் தெரியுது’ என்று நாம் சொல்வதிலிருந்தே எடுத்து துருத்தம் என்போம்.

சொல் தேடிப் படிக்க வரும் புதியவர்களுக்காக ஒரு வரி சேர்க்கிறேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. பச்சை அட்டை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. பெல்ட் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்வரிசைப் பூட்டுக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. ‘பற்பூட்டு’ என்றால் பல் மருத்துவம் போல் இருக்கிறது, ‘பல்வரிக் கொக்கி’ நீளமாகப் படுகிறது. இயந்திரவியல் நண்பர்கள் ‘ராட்செட்’டுக்கு வகுப்பில் என்ன சொல் புழங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். தொய்யாப் பட்டைக்கு மறுப்பு இருந்தாலும் இதே இழையில் தெரிவியுங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
டெக்சாஸிலிருந்து